சைபர் யாருடையது?

எங்களூரில் பூச்சியத்தைப் பூச்சியம் என்று சொல்பவர்கள் குறைவு. பாடநூலைக் கையில் வைத்திருக்கும்வரை நான் அப்படிச் சொல்வேன். நூலை மூடிவிட்டால் நானும் சைபர்காரன்தான். சந்தையில் மீன் வியாபாரியிடம் தொலைபேசி இலக்கம் கேட்டாலும் "சைபர் ஏழு ஏழு" என்றுதான் தொடங்குவார். பரீட்சை முடிந்த வாரத்தில் ஓர் உம்மா மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "சேர், சைபர் எடுத்துட்டு வந்து நிக்கான், கொஞ்சம் பாருங்க" என்பா. முட்டை என்றும் சொல்வதுண்டு. அது பிள்ளைகள் தங்களுக்குள் கேலிக்குச் சொல்வது.

சைபர் ஆங்கிலச் சொல் என்றே நான் நீண்டகாலம் எண்ணியிருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் கணிதம் பயின்ற நாட்களிலும் அப்படித்தான். அது அரபுச் சொல் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமிதம் என்னை ஒரு தவறுக்கு இட்டுச் சென்றது. இக்கட்டுரையை எழுதுவதற்கு அந்தத் தவறும் ஒரு காரணம்.

2007ஆம் ஆண்டு மீலாத் விழாவையொட்டி நடைபெற்ற பேச்சுப் போட்டிக்கு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு நான் பேச்சு எழுதிக் கொடுத்தேன். "உலகுக்கு முஸ்லிம்கள் வழங்கிய கொடை" என்பது தலைப்பு. "பூச்சியம் இல்லையேல் கணிதம் இல்லை, அந்தப் பூச்சியத்தைக் கண்டுபிடித்து உலகுக்கு வழங்கியவர் முஸ்லிம் அறிஞர் அல்-குவாரிஸ்மி" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். பையன் அந்த இடம் வந்ததும் கையை உயர்த்திக் குரலை ஏற்றிப் பேசினான். மண்டபத்தில் தக்பீர் முழங்கியது. இரண்டாம் பரிசும் கிடைத்தது.

நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். விழா முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் என்னருகே வந்தார்.

"தம்பி, அந்தப் பேச்ச நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

ஆமென்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அல்-குவாரிஸ்மி அந்தப் புத்தகத்த இந்தியாக்காரன்ட கணக்கப் பத்தித்தான் எழுதினவர். மனுஷன் இது எங்கட இல்ல எண்டு எழுதி வெச்சிருக்கார். நாம எங்கட எண்டு கைதட்டுறோம். அவருக்கு இது பெருமையா தம்பி?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்று தொடங்கிய தேடல்தான் கீழே வருவது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஸிஃப்ர் என்றால் அரபியில் வெறுமை, வெறுமையானது. அச்சொல் எண்ணுக்குப் பெயராவதற்கு முன்பே மொழியில் வழங்கி வந்தது. கையில் ஒன்றுமில்லாதவனை 'ஸிஃப்ருல் யதைன்' என்பது அரபு வழக்கு. நாம் 'வெறுங்கையோடு' என்று சொல்வது போன்றது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இதைவிட அணுக்கமான ஒரு சான்று உண்டு. ஓர் அடியான் துஆவுக்காக ஏந்திய இரு கைகளையும் வெறுமையாகத் திருப்பிவிட அல்லாஹ் வெட்கப்படுகின்றான் எனும் பொருள்பட அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இடம்பெறும் ஹதீஸில், 'வெறுமையாக' என்பதற்கு வரும் சொல் இதுவேதான். எத்தனையோ ஜும்ஆக்களில் அந்த ஹதீஸை நான் கேட்டிருக்கிறேன். கணக்குப் பாடத்தில் தினமும் உச்சரிக்கும் சொல் அதற்குள் இருப்பது ஒருபோதும் காதில் விழுந்ததில்லை.

ஸபர் மாதத்தின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததாகப் பழைய அரபு அகராதியாளர் கூறுவர். அம்மாதத்தில் மக்கள் பயணமும் போரும் என்று புறப்பட்டுவிட வீடுகள் வெறுமையாகக் கிடந்தனவாம். அவர்கள் தரும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. வெறுமையான மாதம் எப்படியோ பீடை மாதமாயிற்று. நபி (ஸல்) அவர்கள் அந்த எண்ணத்தை மறுத்துரைத்திருந்தும், ஒடுக்கத்துப் புதனில் இலையில் எழுதிக் கரைத்துக் குளிக்கும் வழக்கம் நம் ஊர்களில் அண்மைக் காலம் வரை இருந்தது. அது வேறு கட்டுரைக்கு உரியது.

எண்ணுக்கு வருவோம். வெற்றிடத்துக்கு ஒரு குறி வேண்டும் என்ற தேவை மனிதனுக்கு எப்போது வந்தது? இடத்துக்கேற்ப இலக்கத்தின் பெறுமதி மாறும் முறை வந்தபோதுதான். பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு அவ்வாறு எழுதினர். நடுவில் ஓரிடம் வெறுமையாக இருந்தால் சற்று இடைவெளி விட்டனர். களிமண் பலகையில் இடைவெளி எது, எழுதியவனின் கைச்சோர்வு எது என்று யாருக்குத் தெரியும்? பிற்காலத்தில் அந்த இடத்தில் இரு சாய்ந்த ஆப்புக் குறிகளை இட்டனர். ஆனால் அது இடம்பிடிக்கும் குறி மட்டுமே. அதை ஓர் எண்ணாக அவர்கள் கொள்ளவில்லை. உரோமருக்கோ அந்தத் தேவையே எழவில்லை.

பூச்சியத்தை ஓர் எண்ணாக எடுத்து, அதைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று விதி வகுத்த நூல்களில் நமக்குக் கிடைப்பனவற்றுள் முந்தியது பிரம்மகுப்தரின் பிரம்மஸ்புடசித்தாந்தம். ஆண்டு 628. ஹிஜ்ரி கணக்கில் ஹுதைபிய்யா உடன்படிக்கை நிகழ்ந்த அதே ஆண்டு. இன்றைய ராஜஸ்தானின் பில்லமாலா என்ற ஊரிலிருந்து அவர் எழுதினார். நேர் எண்ணைச் சொத்து என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் கூறுகிறார். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் எஞ்சுவது சூனியம். சூனியம் என்றாலும் வெறுமைதான். ஆனால் சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தால் சூனியம் என்றும் அவர் எழுதிவிட்டார். அது பிழை. என் மாணவர்களும் ஆண்டுதோறும் அதே பிழையை விடுகின்றனர். அவர்களைக் கடிந்துகொள்ளும்போது பிரம்மகுப்தர் நினைவுக்கு வந்து குரல் தணிந்துவிடும்.

கல்லிலும் சான்றுகள் உண்டு. கம்போடியாவில் மீகொங் நதிக்கரையில் கிடைத்த கெமர் மொழிக் கல்வெட்டொன்றில் சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683, எழுதப்பட்டுள்ளது. நடுவிலுள்ள பூச்சியம் அங்கே ஒரு புள்ளி. குவாலியர் கோட்டைக் கோயிலில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270, 50 என்ற எண்கள் சிறு வட்டத்தோடு உள்ளன. பெஷாவருக்கு அருகே பக்ஷாலி என்ற கிராமத்தில் 1881இல் மண்ணிலிருந்து கிடைத்த மரப்பட்டைச் சுவடியிலும் பூச்சியம் புள்ளியாக இருக்கிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள அதன் ஏடுகளை 2017இல் கதிர்க்கரிமச் சோதனைக்கு உட்படுத்தியபோது, ஓர் ஏடு 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் மற்றவை பல நூற்றாண்டுகள் பிந்தியவை என்றும் முடிவு வந்தது. ஒரே நூலின் ஏடுகள் எப்படி அத்தனை நூற்றாண்டு இடைவெளியில் இருக்கும் என்று ஆய்வாளர்கள் அம்முடிவை மறுத்தும் எழுதினர். சர்ச்சை தீரவில்லை. எப்படியிருப்பினும் அல்-குவாரிஸ்மி பிறப்பதற்கு முன்பே அந்தப் புள்ளி இருந்தது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் பக்தாத் செய்தது என்ன? இங்குதான் நான் எழுதிக் கொடுத்த பேச்சைவிட உண்மை பெரிதாக இருக்கிறது.

762இல் கலீபா அல்-மன்ஸூர் பக்தாதை நிறுவினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இந்திய வானியல் நூல் அங்கு சென்று 'ஸிந்த்ஹிந்த்' என்ற பெயரில் அரபியாயிற்று. அதற்கும் நூறாண்டு முன்னரே, 662இல், சிரியாவைச் சேர்ந்த ஸெவெரஸ் ஸெபொக்த் என்ற ஆயர் இந்தியரின் ஒன்பது குறிகளைப் புகழ்ந்து எழுதினார். அறிவெல்லாம் கிரேக்கருடையதே என்று மார்தட்டியவர்களுக்கு எதிராக எழுதியது அது. 825ஐ ஒட்டிய காலத்தில் அல்-குவாரிஸ்மி இந்தியக் கணிப்பு முறையைப் பற்றித் தனி நூல் எழுதினார். அரபு மூலம் இன்று இல்லை. 12ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியேதான் அதை அறிகிறோம். இந்தியரின் ஒன்பது குறிகள் என்று அதில் வெளிப்படையாகவே கூறப்படுகிறது. ஓரிடத்தில் ஒன்றும் இல்லாதபோது, அவ்விடம் வெறுமை என்பதைக் காட்ட ஒரு சிறு வட்டம் இடவேண்டும் என்றும் விளக்கப்படுகிறது. அந்த வட்டம் நிற்கும் வெற்றிடத்துக்கு அரபியர் வைத்த பெயர்தான் ஸிஃப்ர். சூனியம் என்பதைப் பொருளறிந்து பெயர்த்தார்கள்.

அதற்கு முன் அரபியர் எழுத்துகளாலேயே எண்ணினர். அலிஃப் ஒன்று, யா பத்து, காஃப் நூறு, ஙைன் ஆயிரம். பிஸ்மில்லாஹ்வை 786 என்று கூட்டியெடுக்கும் அப்ஜத் கணக்கு இதுதான். நம் வாப்பாமாரின் பழைய கடிதங்களின் தலைப்பில் இவ்வெண்ணைக் காணலாம். தமிழின் பழைய எண் முறையும் ஏறக்குறைய இதே போக்குடையது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள். இரண்டு முறையிலும் பூச்சியம் இல்லை. வேண்டியிருக்கவில்லை. அரபியும் தமிழும் கலந்த மொழியில் எழுதிய நம் முன்னோர் இரு பக்கமும் பூச்சியமில்லாத எண்களைப் பெற்றிருந்தனர் என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. தமிழ் எண்களோடு பூச்சியம் சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டு அச்சுப் பாடநூல்களின் காலத்தில்தான்.

புதிய கணக்கு அறிஞர் சபையில் மாத்திரம் நிற்கவில்லை. இப்னு ஸீனா தன் வரலாற்றைச் சொல்லுமிடத்தில், சிறுவனாக இருந்தபோது இந்தியக் கணக்கைக் கற்றுக்கொள்ளத் தந்தை தன்னை ஒரு மரக்கறி வியாபாரியிடம் அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். புகாராவில், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில். மருத்துவ மேதையாகப் போகிறவருக்குச் சைபரைச் சொல்லிக் கொடுத்தவர் சந்தையில் தராசு பிடித்தவர்! எங்களூர்ச் சந்தையிலும் கணிப்பான் இன்றி மனக்கணக்கில் என்னை முந்திவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

அதே நூற்றாண்டில், 952ஐ ஒட்டி, டமஸ்கஸில் அல்-உக்லீதிஸி என்பவர் எழுதிய நூல் எனக்கு மிகவும் பிடித்தமானது. அக்காலத்தில் பலகையில் புழுதி பரப்பி அதில் எழுதி அழித்துக் கணக்குச் செய்தனர். தெருவோரத்தில் அமர்ந்து சோதிடம் சொல்லிப் பிழைப்பவர்களும் அப்படிப் பலகை வைத்திருந்ததால், கண்ணியமான மனிதர்கள் அதைக் கையில் எடுக்கக் கூச்சப்பட்டனராம். ஆகவே அழிக்காமலே தாளிலும் மையிலும் கணக்குச் செய்யும் வழிகளை அவர் வகுத்தார். பதின்மக் கூறுகளை எழுதிக் காட்டியவர்களுள் நாம் அறிந்த முதல்வரும் அவரே. செய்த வழி தாளில் நிற்பதால், கணக்கன் எங்கே பிழைத்தான் என்று பின்னர் பார்க்க முடியும். ஒரு கணித ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இதை நான் எந்த மீலாத் மேடையிலும் கேட்டதில்லை.

ஐரோப்பாவுக்குச் சொல் போன கதை பலரும் அறிந்தது. பீஸா நகரத்து லியோனார்டோ, பிபனாச்சி என்று நாம் அறியும் மனிதர், இன்றைய அல்ஜீரியாவின் புஜாயா துறைமுகத்தில் சிறுவனாக இக்கணக்கைக் கற்றார். தந்தைக்கு அங்கே பீஸா வணிகர்களின் சுங்க அலுவலகத்தில் வேலை. 1202இல் எழுதிய நூலில் இந்தியரின் ஒன்பது குறிகளோடு அரபியில் இப்படி அழைக்கப்படும் பத்தாவது குறி என்று கூறி, ஸிஃப்ரை 'செஃபிரும்' என இலத்தீனாக்கினார். அது இத்தாலியர் வாயில் தேய்ந்து 'சீரோ' ஆயிற்று. மற்றொரு பாதையில் அதே ஸிஃப்ர் 'சிஃப்ரா' என்றாகிப் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'சைஃபர்' ஆயிற்று. ஆக சீரோவும் சைபரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தவை.

புதிய குறியை ஐரோப்பா உடனே ஏற்கவில்லை. 1299இல் புளோரன்ஸ் நகரின் நாணய மாற்றுவோர் சங்கம் கணக்கேடுகளில் இவ்வெண்களை எழுதத் தடை விதித்தது. வட்டத்தை ஆறாகவோ ஒன்பதாகவோ இலகுவில் திருத்தி மோசடி செய்யலாம் என்ற அச்சமே காரணம் என்பர். நான் காசோலை எழுதும்போது தொகையை எழுத்திலும் எழுதச் சொல்கிறார்களே, அந்த அச்சம் இன்னும் போகவில்லை போலும்.

சொல்லின் பொருளோ விரிந்துகொண்டே போயிற்று. ஆங்கிலத்தில் சைஃபர் என்றால் பூச்சியம். பின் எந்த இலக்கமும். கணக்குச் செய்வதற்கும் அதுவே வினை. எதற்கும் பெறுமதியில்லாத ஆளுக்கும் அதே பெயர். இரகசிய எழுத்துக்கும் அதே பெயர். பிரெஞ்சில் 'ஷிஃப்ர்', ஜேர்மனில் 'ஸிஃபர்' என்பன இன்று எல்லா இலக்கங்களையும் குறிப்பவை. வெறுமையைக் குறித்த சொல் வெறுமையல்லாத ஒன்பதையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மாணவர்கள் சிலர் 'சைபர் குற்றம்' என்பதிலுள்ள சைபரும் இதுதானா என்று கேட்பார்கள். இல்லை. அது கப்பல் செலுத்துபவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

வெள்ளையர் ஆட்சியோடு சைஃபர் இலங்கைக்கு வந்து, நம் நாவில் சைபராயிற்று. ஸலாமும் வக்தும் துஆவும் கடல்வழியே நேராக நம்மிடம் வந்த சொற்கள். இது மட்டும் பக்தாத், பீஸா, பாரிஸ், லண்டன் என்று சுற்றி வந்தது. சிங்களச் சகோதரர்கள் 'பிந்துவ' என்கின்றனர். பிந்து என்றால் புள்ளி. பக்ஷாலிச் சுவடியிலும் கெமர்க் கல்வெட்டிலும் இருந்த அந்தப் புள்ளியின் பெயர் அவர்கள் பேச்சில் தங்கிவிட்டது. புள்ளியின் உருவமோ நம் பிள்ளைகளின் கண்ணில் தினமும் படுகிறது. குர்ஆனில் வசன இலக்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அரபு எண்ணில் பூச்சியம் ஒரு புள்ளி, வட்டமாக இருப்பது ஐந்து. காலையில் பாடசாலையில் வட்டத்தைப் பூச்சியமென்று படித்த பிள்ளை மாலையில் மத்ரஸாவில் அதே வட்டத்தை ஐந்தென்று படிக்கிறது. முதலாம் வகுப்புப் பிள்ளையொருத்தி ஒருமுறை என்னிடம், "சேர், ஓதுற இடத்துல சைபருக்கும் மார்க்ஸ் இருக்கு" என்றாள்.

பூச்சியம் வேறு, வெற்றிடம் வேறு என்பதை எனக்குக் கற்பித்தது மேற்சொன்ன நூல்கள் அல்ல. 2011இல் நான் பத்தாம் வகுப்புக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது மாணவியொருத்தியின் வாப்பா கடலில் மௌத்தானார். கணிதப் பரீட்சையன்றுதான் ஜனாஸா. மற்ற எட்டுப் பாடங்களையும் அவள் எழுதினாள். மொத்தம் 576 புள்ளிகள். புள்ளிப் பட்டியலை நிரப்பும்போது கணிதத்துக்கு நேரே நான் 0 எழுதினேன். அந்தக் கூட்டில் ஏதாவது இருந்தால்தான் கூட்டல் ஒழுங்காக வரும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எண்ணமில்லை. ஒன்பதால் வகுத்தேன். சராசரி 64. வகுப்பில் மூன்றாம் இடத்தில் இருந்து வந்த பிள்ளை பதினோராம் இடத்துக்குப் போனாள்.

தேர்ச்சி அறிக்கையைக் கொடுத்த மறுநாள் அவள் அதைத் திரும்பக் கொண்டுவந்தாள். உம்மா இத்தாவில் இருந்ததால் கையெழுத்தை மூத்தாப்பா வைத்திருந்தார். அவள் அழவில்லை.

"சேர், நான் சைபர் எடுக்கல்ல. நான் எழுதவே இல்ல."

பாபிலோனியர் விட்ட இடைவெளிக்கும் பிரம்மகுப்தர் விதி வகுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது. எழுதி ஒன்றும் பெறாதவனுக்குரியது பூச்சியம். அது ஓர் அளவை. அவளுடைய கூட்டில் அளப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. நான் அளந்திருந்தேன்.

அவள் முன்னிலையிலேயே சிவப்பு மையால் அந்த வட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதி, எட்டால் வகுத்து 72 என்று திருத்திக் கையெழுத்திட்டேன். பட்டியலையும் திருத்துவதற்கு அதிபரிடம் போனேன். அவர் ஏன், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் பட்டியலை என் பக்கம் நகர்த்தினார்.

அவள் இப்போது எங்களூருக்கு அடுத்த ஊரில் கணித ஆசிரியை. அந்த அறிக்கையை வைத்திருக்கிறாளாம். கோட்டுக்கு அடியில் என் சைபர் இன்னும் தெரிகிறது என்றாள்.